தார்ப்பாயின் ஒரு மூலை

1

ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. ஊரைவிட்டு நரின் என்ற இந்த அந்நிய மலை நகருக்கு வந்து தலை நரைத்துப்போன எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இங்கே யாரும் வெறும் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. சொன்னவள் மருந்துக்கடை அய்ஸிரெக். கோடை விடுப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, மலைமேல் பழங்காலக் கல்லறை தோண்டும் குழுவோடு சம்பளமில்லாமல் மண் சுரண்டப் போனவள்.

முதல் தொடக்கம்: ‘பனிச்சிகரங்களின் காலடியில், மேகம் தொடும் உயரத்தில், தனியாக ஒரு பெண்’

வேண்டாம். அய்ஸிரெக்குக்குச் சிகரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே அவள் அறிந்தது முழங்கால் வலியைத்தான்.

2

குழுத் தலைவி சினாரா, வயதில் அவளைவிடச் சின்னவள். மூன்று கோடைகளாக ஒரே கல்லறையோடு மல்லுக்கட்டுகிறாள். இந்த வருடம்தான் எலும்புகள் தெரிந்தன. அவையும் உளுத்துப்போனவை, ஆய்வுக்கூடத்துக்கு ஆகாதவை. தலைமாட்டில் ஒரு கைப்பிடி அர்ச்சா என்ற மலைமரத்தின் விறகுக் கரி இருந்தது. கல்லறையின் வயதைச் சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

“நாளைக்கு எடுத்துக்கலாம் அக்கா. தூசி தும்பு விழாம மூடி வைங்க. உங்களை நம்பித்தான் போறேன்” என்று தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு, சல்லடை கழுவ ஓடைக்கு இறங்கினாள் சினாரா.

[அவர்கள் மொழியில் ‘எஜே’. நான் ‘அக்கா’ என்றே எழுதுகிறேன். பாசமும் அதட்டலும் இரண்டிலும் ஒன்றுதான்.]

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை எண்ணெய் காயவைத்து, மாவு பொரித்து, செத்தவர்களுக்கு வாசனை காட்டாமல் அய்ஸிரெக்கால் இருக்க முடியாது. குழிக்கு அருகிலேயே அதே அர்ச்சா விறகைப் போட்டு அடுப்பு மூட்டினாள்.

வண்டியோட்டி ஒரோஸ்பாய் மோப்பம் பிடித்து வந்துவிட்டான். “யாருக்கு அக்கா விருந்து? உள்ள படுத்திருக்கிற ஆளுக்குப் பல்லே ரெண்டுதான் இருக்கு.”

“அவருக்கு வாசனை போதும். முப்பத்திரண்டும் வச்சிருக்கியே, நீ தின்னு.”

அவன் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போனான். அய்ஸிரெக் குழியைப் பார்த்தாள். தார்ப்பாய் இறுக்கமாக மூடியிருந்தது. வாசனை எப்படி உள்ளே போகும்? பெயர்கூடத் தெரியாத ஆள். இத்தனை காலமாக யாரும் எண்ணெய் காயவைக்காத ஆள். தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கியது. அடுப்பிலிருந்து கரித்துகள் பறந்து குழிக்குள் விழுந்தது. கறுப்போடு கறுப்பு. எது அன்றையது, எது ஆதிகாலத்தது என்று கண்ணால் பிரிக்க வழியில்லை.

மறுநாள் காலை சினாரா இடுக்கியால் கரியைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டினாள். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அய்ஸிரெக். வாயைத் திறக்கவில்லை.

3

முடிவு, அ: அங்கேயே சொல்லிவிடுகிறாள். மூன்று கோடைகள் மண்ணாகின்றன. சினாரா கத்தவில்லை, தேநீர் கேட்கிறாள்.

முடிவு, ஆ: சொல்லவில்லை. புதுக் கரி கலந்ததால் கல்லறை பல நூறு வருடம் இளமையாகிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்

இரண்டும் எனக்குச் சுலபமாக வந்தன. அதனாலேயே இரண்டின் மீதும் சந்தேகம்.

4

எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய் அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். ஒரோஸ்பாய் வரும் இடத்தில் சிரித்தாள். காற்று வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“காத்து எங்க வந்துச்சு?”

“நீங்கதானே சொன்னீங்க, துகள் பறந்துச்சுன்னு.”

“பறந்துச்சு. காத்தே இல்லண்ணா. புகை நேரா மேல போச்சு, வாசனை உள்ள போகல. தலைத்துணிய அவுத்து நான்தான் விசிறினேன். துகள் விழுறதையும் பார்த்தேன். நிறுத்த மனசு வரல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, கேட்காமலே நான் ஒரு காற்றை வீசிவிட்டிருக்கிறேன்.

“பொட்டலம் இன்னும் சினாரா வீட்லதான் இருக்கு. திங்கக்கிழமை வெளிநாட்டுக்குச் சோதனைக்கு அனுப்புறா” என்றாள். பிறகு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, “முடிவுல என்ன எழுதப் போறீங்க? நான் சினாராகிட்ட சொல்லிடுறேனா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் பயந்தேன். நான் எதை எழுதினாலும் அவள் அதையே செய்துவிடுவாள். வாசகரே, அதனால்தான் அ, ஆ இரண்டையும் அவளுக்குச் சொல்லிக் காட்டவில்லை. நீங்கள் மனதில் எதையாவது முடிவு செய்திருந்தால், தயவுசெய்து நரின் பக்கம் வந்துவிடாதீர்கள்.

5

சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது சினாரா இருமல் மருந்து வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அய்ஸிரெக் தலைத்துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

“சினாரா, ஒரு நிமிஷம் நில்லும்மா” என்று

[இதற்கு மேல் நான் எழுதினால் அது காற்று.]