பொத்தான் கட்டிய கப்பல்

அன்று பிற்பகல் டென்மார்க்கின் ஏரோ தீவில் உள்ள தேவாலயத்துக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: கோயில்பிள்ளை அக்செல், சபைத் தலைவி குட்ரூன், மாலுமிகளின் காணிக்கையாகக் கூரையில் தொங்கும் மாதிரிக் கப்பலை இரண்டு குளிர்காலமாகப் பழுது பார்த்த எப்பே. ஞாயிறு ஆராதனைக்குக் கப்பல் மேலே ஏறியாக வேண்டும். தன் வேலையோடுதான் ஏற வேண்டும் என்பது எப்பேயின் பிடிவாதம். பெருமை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் வேறெதுவும் இல்லை.

கப்பலைச் செய்தவர் குட்ரூனின் கொள்ளுத்தாத்தா, மாலுமி. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளின் அடியில் மூன்று ஓட்டை போட்ட மர வட்டுகள் வரும். டேனிஷ் மாலுமிகள் அவற்றைக் கன்னி என்பார்கள். கிழவர் கன்னி வர வேண்டிய இடத்திலெல்லாம் நாலு ஓட்டை எலும்புப் பொத்தானை வைத்துக் கட்டியிருந்தார். எப்பே அத்தனையையும் பிடுங்கிவிட்டு, பேரிக்காய் மரத்தில் கன்னிகளை மிளகு அளவுக்குக் கடைந்து, மூன்று மூன்று ஓட்டை துளைத்து மாட்டியிருந்தான்.

"அந்தக் காலத்துக் கப்பல்ல எப்படியோ அப்படியே. அளவுகூட பிசகலை," என்றான்.

"தூக்குங்க, பார்ப்போம்," என்றாள் குட்ரூன்.

அக்செல் கயிற்றை இழுத்தார். கப்பல் பலிபீடத்தைப் பார்த்தபடி மேலே போய் நின்றது. மூவரும் அண்ணாந்தார்கள். கயிறுகள் அந்தரத்தில் முடிவது போலிருந்தது.

"என்னப்பா எப்பே, உன் கன்னிங்க அவ்வளவு கூச்சக்காரிங்களா? ஒருத்தியும் முகத்தைக் காட்ட மாட்டேங்கிறாளே," என்றார் அக்செல்.

"கிட்டப் போனா தெரியும்."

"ஏணியில ஏறி நின்னுக்கிட்டா ஜெபம் பண்ணுவாங்க?" என்றாள் குட்ரூன். "கப்பல்லயே கிடந்த மனுஷனுக்கு கன்னிக்கு எத்தனை ஓட்டைன்னு தெரியாதா? கீழே உட்கார்றவன் கண்ணுக்குத் தெரியட்டும்னுதான் பொத்தானை வச்சாரு."

எப்பே பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கயிறு தெரிந்தது, கப்பலின் வயிறு தெரிந்தது. கன்னி மட்டும் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"பொத்தானெல்லாம் எங்கே?" என்றாள் குட்ரூன்.

"வீட்டுல. காப்பி டப்பாவுல."

"எல்லாமேவா?"

அவள் பார்வை அவன் கோட்டில் நின்றது. அதில் இருந்த இரண்டே பொத்தான்களும் பழுப்பேறிய எலும்பு. எப்பே பேனாக்கத்தியால் இரண்டையும் அறுத்து அவள் கையில் வைத்தான்.

"கப்பலை வீட்டுக்குக் கொடுங்க. அங்கேயே மாத்திடறேன்."

"கப்பல் எங்கேயும் வராது. நீ டப்பாவைக் கொண்டா. இங்கேயே, எங்க கண்ணு முன்னாடி கட்டு."

கோட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எப்பே வெளியே இறங்கினான். கடற்காற்று அதைப் பிய்த்துத் திறந்தது. பின்னால் அக்செல் கதவைச் சாத்தி, உள்ளிருந்து சாவியை இரண்டு சுற்று திருப்பினார்.