எந்த வழியால் வந்தது?

2006இல் ஹனோவர் அருங்காட்சியகம் ஒன்றின் பின்னறையில், பான் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த நான் ஒரு கால்தட அச்சை அளந்துகொண்டிருந்தேன். மூன்று விரல்கள், ஒரு முழத்துக்கும் மேலே நீளம். அங்கே துப்புரவு வேலை செய்யும் பேர்பெச்சுவா அன்ரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"இது என்ன, லாரா?"

"இறைச்சி தின்னுற டைனோசர், அன்ரி. தடம் கிடைச்ச இடம் முந்தி ஒரு தீவு. சின்ன டைனோசர்கள்தான் இருந்தது. கடல் வத்த, இந்தப் பெரிசுகள் நடந்து வந்திட்டுதுகள்."

"சின்னதுகள்?"

"பிறகு காணேல்லை."

அன்ரி தன் கையைத் தடத்துக்குள் வைத்துப் பார்த்தார். "எங்கயிருந்து வந்தது? எந்த வழியால?"

"இதின்ர சொந்தங்களின்ர எலும்பு அமெரிக்காவிலயும் போர்த்துக்கல்லிலயும் இருக்கு. ஆனா இது வந்த வழி தெரியாது."

"அப்பிடியே எழுதுவியளோ?"

"ஓம். தெரியாது எண்டுதான் எழுதுவம்."

அன்ரிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"தொண்ணூறில என்னை ஆக்களைக் களவாக் கொண்டுவாற ஏஜென்சிக்காரன் லொறிக்குள்ள பூட்டி இஞ்ச கொண்டுவந்தவன். அகதி விசாரணையில வழி தெரியாதெண்டு நானும் உண்மையைத்தான் சொன்னன். மூண்டு தரம் கேட்டும் நம்பேல்லை. இது வாயே திறக்கேல்லை, இதை நம்பீட்டியள்!"