தலைகீழாய் நிற்கும் வேட்டைக்காரன்

ஊரே மூட்டை கட்டினால் ஐரீனுக்கு வேலை கூடும். பிஜித் தீவில், நாடி ஊரின் மார்டின்டாரில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் கடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த மறுவாரமே கடை வாசலில் வரிசை. ஆக்லாந்து, பிரிஸ்பேன், கனடா, எல்லாம் ஒருவழி டிக்கெட்தான். பாவம், போகிறவர்களுக்கு நின்று அழக்கூட நேரமில்லை. டிக்கெட்டை நீட்டும்போது ஐரீன் ஒன்று கேட்பாள்.

"ஈமெயில் இருக்குதா? மாசாமாசம் ஒரு புஸ்தகம் அனுப்புறேன். சும்மாதான், துட்டு வேணாம்."

அது அவளும், சுவாவில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்யும் தம்பி ராயும் கம்ப்யூட்டரில் தயாரித்த வானவியல் பத்திரிகை. ஆங்கிலம், இந்தி, பிஜியன், தமிழ் என்று நாலு பாஷை. முதல் இதழ் பதினோரு பேருக்குப் போனது. பட்டாளத்தின் புண்ணியத்தில் இப்போது அறுநூறு பேர்.

தமிழ்ப் பக்கங்கள்தான் ஐரீனுக்கு உயிர். சர்ச்சில் வேதப்புத்தகம் படித்துக் கற்ற தமிழ் அவளுடையது. ஆனால் இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கங்களுக்கு ஒரு கடிதாசிகூட வந்ததில்லை.

"தமிழ் படிக்க யாரு இருக்கா, அக்கா?" என்றான் ராய். "பிப்ரவரிக்கும் ஒண்ணும் வரல்லன்னா நிறுத்திருவோம்."

சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி வான வரைபடத்தைத் தமிழ்ப் பக்கத்துக்கு வரைந்து கொடுத்தவர் வாசுதேவன். திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதமான கணக்கு வாத்தியார், வோட்டுவாலேவில் அவளுக்குப் பக்கத்து வீடு. வெளியே வந்து ஒருதரம் அண்ணாந்து பார்த்திருக்கலாம். மனுஷன் பார்க்கவில்லை. ஊரில் மொட்டைமாடியிலிருந்து சின்ன வயதில் பார்த்த வேட்டைக்காரனை, அதுதான் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை, அப்படியே வரைந்துவிட்டார், திருவாதிரை மேலே, கால்கள் கீழே. ஐரீன் எழுத்துப்பிழைகளைத் தேடினாளே தவிர, படத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இதழ் போனது. திங்கள் காலையில் வீட்டில் ஈமெயில் பெட்டியைத் திறந்தால் முப்பத்துநாலு கடிதாசி! பிஜியிலேயே லம்பாசாவிலிருந்து ராமச்சந்திரன் என்பவர் எழுதியிருந்தார்: "அறுபது வருஷமா பாக்கிறேன், அவன் இங்க ஒருநாளும் நிமிந்து நின்னதில்ல. தலைகீழாத்தான் தொங்குவான். யாரு இந்தப் படம் போட்ட புத்திசாலி?" மற்றவையும் அதே பாட்டுத்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் அவன் கவிழ்ந்துதான் தெரிவான்.

வாசுதேவன் முகம் சுண்டிப்போனது. "எங்க ஊர்ல சரியாத்தான் நிக்கும் மேடம். இங்க வானம்தான் கவுந்து கிடக்கு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஐரீனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு வந்ததும் போனில் தம்பியிடம் சிரித்தாள். "திட்டணும்னாலும் படிச்சுத்தானேடா திட்டணும்?"

ராய் சிரிக்கவில்லை. "எல்லாரும் குத்தம்தான் சொல்றாங்க. தப்பா போடுறதுக்கு நிறுத்துறதே மேல், அக்கா."

ஐரீன் போனைக் கையில் பிடித்தபடியே பெட்டியை மறுபடி பார்த்தாள். முப்பத்தைந்தாவது ஒன்று வந்திருந்தது. கனடாவில் எட்மண்டனிலிருந்து பாப்பம்மா எழுதியிருந்தாள். நாடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றவள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஐரீன்தான் அவளுக்கு டிக்கெட் போட்டாள். ஐரீன் அதைத் தம்பிக்குச் சத்தமாகப் படித்தாள்.

"ஐரீனு, நல்லா இருக்கியா? மக டைப் அடிக்கிறா, நான் சொல்றேன். இங்க ஒரே பனி. இங்க வந்த வாரம் ஒரு ராத்திரி வாசல்ல நின்னு மேல பார்த்தா, வேட்டைக்காரன் நேரா நிக்கிறான். எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு நினைச்சேன். மகளுக்குக்கூடச் சொல்லல, பயத்துல. நேத்து உன் புஸ்தகத்துல அவன் அப்படியே நிக்கிறான். அழுதுட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

சுவாவில் ராய் மார்ச் இதழைத் திறந்தான்.

"அக்கா, மார்ச்சிலேருந்து ரெண்டு படம் போடுவோம். இந்தப் பக்கத்து வானம் ஒண்ணு, அந்தப் பக்கத்து வானம் ஒண்ணு. நாலு பாஷையிலயும். வாத்தியாரையே வரையச் சொல்லு."

போனை வைத்தபோது எதிரே வீரசாமி நின்றிருந்தார், பெண்டாட்டி பிள்ளைகளோடு. வான்கூவருக்கு ஐந்து டிக்கெட். ஐரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டைப் போட்டாள், ஈமெயிலை எழுதிக்கொண்டாள். அவர்கள் வாசல்வரை போனதும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"அங்க போய்ப் பயந்துராதீங்க. வேட்டைக்காரன் நேரா நிப்பான்."