மழை பெய்யாத நாளில் விட்ட மீன்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, ஜஸீலா சொன்னது. அவனியாபுரத்தில் அண்ணன் ஆரிப்போடு சேர்ந்து வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறாள். எங்களுக்குப் பக்கத்து வீடு. எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், ஆனால் என் பேரை மாற்ற வேண்டாம் என்றாள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

அன்று கொட்டிய மழையில் கடைக்குள் வெள்ளம் ஏற, தொட்டியில் கிடந்த இரண்டு முதலை மீன்களும் வாய்க்கால் வழியாக

இதோடு நின்றுவிட்டது. வாசித்துக் காட்டியபோது அவள் தலை குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு மழையே இல்லண்ணே. எனக்காகப் பெய்ய வைக்காதீங்க."

2

நடந்தது இதுதான். விரல் நீளத்தில் அவள் விற்ற இரண்டு வெளிநாட்டு மீன்கள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. நீண்ட மூக்கு, வாய் நிறையப் பல். அதனால் முதலை மீன் என்பார்கள். தொட்டியிலிருந்த மற்ற மீன்களை எல்லாம் அவை தின்று தீர்த்ததும், வாங்கியவர் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய தொட்டி கடையில் இல்லை. கொன்றுவிடலாம் என்றான் ஆரிப். ஜஸீலாவுக்கு மனசு வரவில்லை. இரண்டையும் பெரிய வாளியில் போட்டு, ஸ்கூட்டியில் கோச்சடைக்குக் கொண்டுபோய் வைகையில் விட்டாள். அவை நீந்திப் போவதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பினாள்.

('சந்தோஷமாக' என்பதை நான் அடித்திருந்தேன். அவள்தான் திரும்பப் போடச் சொன்னாள்.)

3

சோணையம்மாள் அங்கே ஆற்றில் அயிரை பிடித்து விற்பவள். என் வரைவில் அவள் மண்ணை வாரித் தூற்றிச் சபித்தாள். நிஜத்தில் சத்தமே போடவில்லை.

சில மாதம் கழித்து, வலையைக் கிழித்த ஒரு மீனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வயிற்றைக் கீறினால் உள்ளே முழுக்கக் கெண்டையும் அயிரையும்தானாம்.*

"இதென்ன மீனு, தாயி?"

தெரியாது என்றாள் ஜஸீலா. ஒண்ணுதானே, தொலைந்தது போ என்று சொல்லிக்கொண்டே சோணையம்மாள் நிம்மதியாகக் கிளம்பினாள்.

* தென்னாட்டு ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிறுமீன்கள் வைகைப் படுகையில் உண்டு. அவற்றின் பெயர்களை அடுக்கினால் நான் விஷயம் தெரிந்தவனாகத் தெரிவேன். அதனால் விட்டுவிட்டேன்.

4

மறுநாள் காலையில் ஜஸீலா ஆற்றுக்குப் போனாள்.

"அக்கா, அது நான் விட்டது. இன்னொண்ணும் இருக்கு."

சோணையம்மாள் வலையை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதை நிறுத்தவில்லை. நிமிராமலே கேட்டாள்.

"முட்டை கிட்டை போட்டிருக்குமா?"

தெரியாது என்றாள் ஜஸீலா. இந்தமுறை உண்மையிலேயே தெரியவில்லை.

5

இப்போதெல்லாம் கடை திறக்கும் முன் அவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். சோணையம்மாள் பேசுவதில்லை, வலையின் ஒரு முனையை மட்டும் நீட்டுகிறாள்.

ஒரு முடிவில் அவளைப் பேச வைத்தேன். அடித்துவிட்டேன். இன்னொரு முடிவு, நேற்று வலையில் ஏதோ கனமாக

இல்லை. ஒரே வாக்கியத்தில் அந்த மீனைப் பிடித்துக் கரையில் போட்டுவிட என்னால் முடியும். நானும் நிம்மதியாகத் தூங்குவேன், நீங்களும் தூங்குவீர்கள். ஆற்றில் அது இருக்கும்.