நாலு சீட்டும் ஒரு கையும்

நாங்கள் அகதியாய் வந்து சேர்ந்த குளிர்தேசத்துப் பார்க்டேலில் ஆறாவது மாடி. இரத்தினவேல் அண்ணை முதலில் திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு தொலைபேசி வயரைக் கழற்றினார். ஒட்டுக்கேட்பவன் எவனாவது இருந்திருந்தால் அன்று அவனுக்கு இரண்டு மணிநேர உரை கேட்கும் பாடு மிச்சம்.

தொண்ணூறாம் ஆண்டு மார்ச் மாதம். நிகரகுவாவில் புரட்சி அரசு தேர்தல் வைத்துத் தோற்றுச் சில கிழமைகள்தான்.

“ஏழை நாட்டில கதவைத் திறந்துவிட்டா இதுதான் நடக்கும்,” என்றார் அண்ணை. “சுத்திவர எதிரி, வயித்துக்குச் சோறில்லை. உதுக்குள்ள கருத்துச் சுதந்திரம் கட்டுபடியாகுமோ?”

“சனத்தைக் கேக்காமல் ஆண்டிருந்தா மட்டும் சோறு வந்திருக்குமோ?” என்றாள் யூஜினி.

அண்ணையின் ஆட்சிக்கு உட்பட்டது ஒரு சஞ்சிகை. நாற்பது பிரதிகள், ஆசிரியர் குழுவில் நாங்கள் ஐந்து பேர், பதினொரு புனைபெயர்கள். அன்றைய சிக்கல் யோசப் எழுதிய மூன்று பக்கம். ஊரில் அவனுடைய தம்பியை ‘விசாரிக்க’க் கூட்டிப்போனது இராணுவமல்ல, எங்கள் தமிழ் இயக்கங்களிலேயே ஒன்று. ஆள் திரும்பவில்லை. தம்பியின் பெயரை ஒருமுறையாவது அச்சில் பார்க்க வேண்டும், யோசப்புக்கு அவ்வளவுதான்.

“இப்ப போட்டா எதிரிக்கு உதவும்,” என்றார் அண்ணை.

“நாப்பது வாசகரில ஆரண்ணை எதிரி?” என்றாள் யூஜினி.

“அதைத்தான் நானும் தேடுறன்.”

பேனாட் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டான். சீட்டுகள் அண்ணையின் குளிர்த்தொப்பிக்குள் விழுந்தன. போடலாம், நாலு. வேண்டாம், ஒன்று.

அண்ணை சீட்டுகளை விளக்கடியில் பிடித்து எழுத்தைப் பார்த்தார். ஐந்துமே இடது கையால் கிறுக்கியவை. அவருடையதும்.

“ஊடுருவல் நடந்திருக்கு,” என்றார். “ஒளிச்சுப் போடுறதாலதான் உந்தப் பிரச்சினை. வெளிப்படையா இருப்பம். போடச் சொல்லுறவை கையை உயர்த்துங்கோ, பேரைக் குறிக்கிறன்.”

யோசப்பின் கை மேலே போனது. பேனாட் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். யூஜினி தேத்தண்ணி ஊற்றப் போனாள். என் கையில் பாதி தின்ற ரோல்ஸ் இருந்தது. மற்றக் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“ஒண்டு. தீர்மானம் தோல்வி,” என்றார் அண்ணை, திருப்தியாக.

யோசப் பக்கங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். கதவடியில் சப்பாத்தை மாட்டியபடி எங்கள் மூவரையும் பார்த்தான்.

“தம்பியைக் கூட்டிக்கொண்டு போகேக்கையும் இப்பிடித்தான். எங்கட வீட்டு ஒழுங்கையில நிண்ட எல்லாற்றை கையிலயும் ஏதோ ஒரு வேலை இருந்தது.”