எலும்பெடுக்க இரண்டு பேர்

எர்லிண்டாவின் மடியில் இருந்த மரப்பலகையைத் தொமியே இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். செத்தவர் பெயர் எழுதிய பலகை. எர்லிண்டா விடவில்லை. அப்புறம் எல்லோரும் பார்ப்பதைக் கண்டு விட்டுவிட்டாள்.

"யோசுகே வெச்சுக்கட்டும். அத வெச்சிருக்கறவங்கதான் சடங்குல முன்ன நின்னு நாலு வார்த்தை பேசணும். உனக்கெதுக்கு அந்தக் கஷ்டம், எரிகோ," என்றாள் தொமியே எர்லிண்டாவிடம்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சயோரி கெட்டிலைக் கீழே வைத்தாள். செத்தது அவள் அப்பா, எர்லிண்டாவின் புருஷன் ஷிகெனொபு. தகன மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உலையில் எரிந்துகொண்டிருந்தார். முடியும்வரை சொந்தக்காரர்கள் இந்த அறையில் சோற்றுருண்டை தின்றுகொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அம்மா முப்பது வருஷமா நம்ம மொழிதான் அத்தை பேசுறாங்க."

"பேசுறா, பேசுறா. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? என் தம்பி வீட்டுல ஒரு ஆள் இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?"

"ஆள்தான் உக்காந்திருக்காங்களே."

யோசுகே தொமியேயின் மகன். காலையில்தான் டோக்கியோவிலிருந்து ரயிலில் வந்திருந்தான். பலகையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, "வேணும்னா நான்..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு," என்றாள் அவன் அம்மா.

இந்த ஊர் விவசாயிகளுக்கு வாழ்க்கைப்பட எந்தப் பெண்ணும் வராத காலம் ஒன்று இருந்தது. ஊர் அலுவலகமே மணிலாவுக்கு ஆள் அனுப்பிப் பெண் பார்த்தது. அப்படி வந்த எர்லிண்டாவைக் கைதட்டி வரவேற்றார்கள். மறு வாரம் அவளுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று எரிகோ ஆக்கினார்கள். எரிகோ செர்ரித் தோட்டத்தில் ஏணி ஏறினாள். படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பீத்துணி அலசினாள், பிறகு புருஷனுக்கும் அலசினாள். அப்போதெல்லாம் யாரும் வந்து அவள் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை.

வெள்ளைக் கையுறை போட்ட பணியாள் கதவைத் திறந்து குனிந்தான். "எலும்பெடுக்க வரலாம்." பிறகு சயோரியின் முகத்தைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "வெளிநாட்டு விருந்தாளிங்க இங்கயே இருக்கலாம். பாக்கக் கஷ்டமா இருக்கும்."

"நான் மக. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்."

"அப்படிங்களா. நம்ம மொழி ரொம்ப நல்லாப் பேசுறீங்க."

"நீங்களும் பரவால்லாமப் பேசுறீங்க."

யாரோ சிரிக்க வந்து இருமலாக்கிக்கொண்டார்.

தொமியே எழுந்தாள். "அவர் சொல்றதும் சரிதான். எரிகோ இங்கயே இருக்கட்டும். அவ சிலுவை கும்புடறவ. இந்த முறையெல்லாம் என்ன தெரியும்? வந்த முதல் புத்தாண்டு விருந்துலயே தெரிஞ்சுபோச்சே. தம்பி சாப்பிடற குச்சியில எடுத்துக் குடுத்த மீனை, இவ தன் குச்சியாலயே வாங்கினா. எல்லாருக்கும் சோறு தொண்டையில நின்னுபோச்சு. எங்கம்மா இவ கையிலயே ஒண்ணு போட்டாங்க. குச்சிக்குக் குச்சி மாத்தறது எரிச்ச எலும்புக்கு மட்டும்தான்னு நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அங்கங்கே சிரித்தார்கள். வருடாவருடம் சொல்லப்படும் கதை. அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

சயோரி சிரிக்கவில்லை. "எலும்புக்கு மட்டும்தானே, அத்தை? மீனுக்குச் செஞ்சதுக்குக் கையில அடிச்சீங்க. இன்னைக்கு எலும்பு. அதுக்கும் வெளிய இருன்னா, அவங்க எங்கதான் செய்யறது?"

பணியாள் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டான்.

எர்லிண்டா எழுந்து யோசுகேயிடம் போனாள். "குடுப்பா." அவன் தன் அம்மா பக்கம் திரும்பாமல் கொடுத்தான். அவள் பலகையை மகள் கையில் வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு ரெண்டு பேர் வேணும். வாங்க."

அடுத்த அறையில், பாதத்திலிருந்து தொடங்கி, இருவர் இருவராக வந்து, ஒரே எலும்பை இரண்டு ஜோடிக் குச்சிகளால் தூக்கி ஜாடியில் போட்டார்கள். கடைசியாகத் தொண்டை எலும்பு. நெருங்கிய இருவர் எடுக்க வேண்டும் என்றான் பணியாள். எலும்புகள் கிடந்த தட்டின் ஒரு பக்கம் எர்லிண்டா நின்றாள். மறுபக்கம் இடம் காலியாக இருந்தது. தொமியே சுற்றிப் பார்த்தாள். யாரும் நகராததால் தானே வந்து நின்றாள்.

முதல் முறை தொமியேயின் குச்சியிலிருந்து நழுவியது.

"மெதுவா," என்றாள் எர்லிண்டா. இரண்டாம் முறை எலும்பு ஜாடிக்குள் போயிற்று.

தொமியேயின் கருப்புக் கிமோனோவின் கையில் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. எர்லிண்டா அதைத் தட்டிவிடக் கை நீட்டினாள். தொமியே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றபோதும் அந்தச் சாம்பல் அங்கேயே இருந்தது. எர்லிண்டா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.