நிலுவையில் ஒரு பறத்தல்

விமானப் பயிற்சி மன்றத்தில் ஆசிரியையான அவளுக்கு முகத்துக்கு நேரே பெயர் மேடம். முதுகுக்குப் பின்னால் பெயர் ‘திருப்பி’. மாணவர்கள் பறந்து இறங்கியதும் போனில் மின் பதிவேட்டைத் திறந்து, எந்த விமானம், எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, தனியாகவா துணையோடா என்று நிரப்பி அனுப்புவார்கள். அது மேடத்தின் கணினிக்கு வந்து நிற்கும். சரியாக இருந்தால் ‘ஒப்புதல்’ என்று ஒரு பொத்தான், இல்லையென்றால் ‘திருப்பு’ என்று இன்னொன்று. மேடத்தின் விரல் இரண்டாவதில்தான் குடியிருந்தது.

திருப்பினால் சும்மா திருப்ப மாட்டாள். கூடவே நறுக்கென்று ஒரு குறிப்பும் போகும். நேரில் எல்லோரையும் வாங்க போங்க என்று பேசுகிறவளுக்கு, பதிவேட்டில் மந்திரி மகனாக இருந்தாலும் ‘நீ’தான். ஏன் இவ்வளவு கறார் என்று யாராவது கேட்டால், “இந்த மணிக்கணக்கை நம்பித்தான் நாளைக்கு ஒருத்தன் பின்னாடி சீட்டுல குடும்பத்தோட உக்காரப் போறான்” என்பாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இத்தனை கறாரான மனுஷிக்கு ஒரு சோம்பலும் இருந்தது. வெயில் அடிக்கிற நாளில் கணினி முன்னால் உட்காருவது பாவம் என்பது அவள் கொள்கை. மழை பிடித்து, விமானங்கள் கொட்டகைக்குள் முடங்கிய பிறகுதான் நிலுவையில் கிடக்கும் பதிவுகளைத் திறப்பாள். அதுவரை மாணவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு நல்ல மழை. மேடம் காபியை வைத்துக்கொண்டு மளமளவென்று தள்ளிக்கொண்டிருந்தாள். பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதை அவள் பார்ப்பதே இல்லை. பெயரைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று ஒரு பயம். ஒரு பதிவில் நேரம் இடித்தது. விமானிகள் உலகம் முழுக்க ஒரே கடிகாரத்தில்தான் நேரம் எழுத வேண்டும், உலக நேரம் என்று அதற்குப் பெயர். இது உள்ளூர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிற விஷயம். மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“மறுபடியும் உள்ளூர் நேரம். எத்தனை தடவை சொல்வது? தூங்கிக்கொண்டே எழுதினாயா?” என்று தட்டி, திருப்பிவிட்டு, அடுத்ததற்குப் போனாள்.

மறுநாள் காலையில் அந்தப் பதிவு திருத்தப்பட்டு வந்திருந்தது. கூடவே “மன்னிக்கவும் மேடம்” என்று ஒரு வரி. உள்ளூர் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருந்ததில், நட்டநடு ராத்திரியில் பறந்ததாகக் கணக்கு வந்தது. இது யாரடா இவ்வளவு பெரிய அறிவாளி என்று முதல் முறையாக ஓரத்துப் பெயரைப் பார்த்தாள்.

அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

அது வங்கிக்காரியின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து கற்றுக்கொண்ட நாற்பது வயதுக்காரி. ஒரு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மேடமே மாலை வாங்கிக்கொண்டு போய் நின்றுவிட்டு வந்தவள். பதிவைத் திறந்து மேலே பார்த்தாள். தூங்கிக்கொண்டே எழுதினாயா என்று தன் குறிப்பு அங்கே இருந்தது. அதைப் படித்துத் திருத்தி அனுப்பியது அவள் புருஷனாகத்தான் இருக்க வேண்டும். கணினியை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

வங்கிக்காரியின் புருஷன் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மேடம் போனபோது ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க மேடம். வருவீங்கன்னு நெனச்சேன்.”

“மன்னிச்சிருங்க சார். பேரைப் பார்க்காம அனுப்பிட்டேன். நான் எழுதினது ரொம்பக் கேவலம்.”

“கூட்டியிருக்கக் கூடாதோ? கழிக்கணுமோ?” என்றார் அவர்.

“எதைச் சார்?” என்றாள் மேடம்.

“நேரத்தைச் சொல்றேன். ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சுப் பார்த்தேன். கடைசியில கூட்டிட்டேன். அதானே தப்பு?”

“ஆமா சார். கழிக்கணும்.”

அவர் தலையாட்டிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே ஒரு போன், வயரோடு, முழுச் சார்ஜில் கிடந்தது.

“இது இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல மேடம். ஆபீஸ் குரூப்புல இருந்து எடுத்துட்டாங்க. அவ அக்கா, தங்கச்சி எல்லாம் என் நம்பருக்குத்தான் பேசுறாங்க. விளம்பரம் அனுப்புறவன்கூட விட்டுட்டான். நேத்து திடீர்னு டிங்குன்னுச்சு. ஓடி வந்து எடுத்தா, தூங்கிக்கிட்டே எழுதினியான்னு கேட்டு வந்திருக்கு.” அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே கெட்டுப்போயிற்று. “வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அவளைத் தங்கம் தங்கம்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. உயிரோட இருக்கிறவளைத் திட்டுற மாதிரி திட்டினது நீங்க ஒருத்தர்தான்.”

அவர் போனிலிருந்து வயரைக் கழற்றினார்.

“அந்தப் பதிவை அனுப்பின நாள்லருந்து அவ போனை எடுத்து எடுத்துப் பார்ப்பா. மேடம் இன்னும் பார்க்கல, மேடம் இன்னும் பார்க்கலன்னு. காய்ச்சல்ல கண்ணைத் திறக்க முடியாம கிடந்தப்பகூட, வந்துருச்சான்னு கேட்டா.”

குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூட மேடம் தாங்கியிருப்பாள். வெயில் அடித்த அத்தனை நாட்களின் மீதும் அவளுக்கு வெறுப்பு வந்தது.

“நான் இப்பவே சரி பண்ணி ஒப்புதல் கொடுத்துடறேன் சார்” என்று எழுந்தாள்.

“கொடுத்தா என்ன ஆகும்?”

“பதிவு பூட்டிக்கும். அதுக்கப்புறம் யாரும் எதையும் மாத்த முடியாது.”

“அப்ப இதுவும் அடிக்காது.”

“அடிக்காது.”

அவர் போனின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒரு பெண் கண்ணாடிச் சட்டம் பார்க்க உள்ளே வந்தாள், அவர் பிறகு வரச் சொல்லி அனுப்பினார்.

“ஒரு உதவி மேடம். உடனே கொடுக்காதீங்க. தப்பு இருந்தாத் திருப்புவீங்கல்ல?”

“தப்பு இருந்தா.”

“தப்பை நான் வச்சிடறேன். நீங்க திட்டுனாப் போதும்.”

சரியானதைத் திருப்பச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். தப்பானதைத் திருப்புவது அவள் தொழில். அந்தச் சாக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

அப்படித் தொடங்கியது. நேரத்தைச் சரிசெய்தவர் விமானத்தின் எண்ணில் ஒரு எழுத்தை மாற்றி அனுப்பினார். “இப்படி ஒரு விமானம் நம்மிடம் இல்லை. கனவில் வாங்கினாயா?” என்று போனது. எண்ணைத் திருத்திவிட்டு, கிளம்புவதற்கு முன்பே இறங்கியதாக எழுதினார். “பெரிய மந்திரவாதிதான்” என்று போனது. மேடம் மழைக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டாள். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்தாள். வீட்டில் இரண்டு சப்பாத்தியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, நாளைக்கு எப்படித் திட்டலாம் என்று யோசித்தாள். செத்துப்போனவளோடு இப்படி ஒரு சகவாசம் ஏற்படும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒரு தடவை தரையிறக்கம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு வந்தது. “தரையிறக்கம் பூஜ்யமா? அப்போ இன்னும் மேலேயேதான் இருக்கிறாயா?” என்று தட்டி அனுப்பிய பிறகுதான், என்ன எழுதினோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பதிவு திரும்பி வர அந்த வாரம் முழுக்க ஆனது. வந்தபோது கட்டத்தில் ஒன்று என்று திருத்தியிருந்தது. வேறு எந்தத் தப்பும் வைக்கவில்லை. மேடம் ஒப்புதலும் கொடுக்காமல், திருப்பவும் செய்யாமல் அதை அப்படியே விட்டுவைத்தாள். இரண்டு நாள் கழித்து அவராகவே தேதியைத் தப்பாக மாற்றி அனுப்பினார்.

மன்றத்தின் அலுவலக மேலாளருக்குக் ‘கெடு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் கெடு தேதியோடு பேசுகிற மனிதர். அவர் ஒரு நாள் மேடத்தின் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

“மேடம், இல்லாம போனவங்க, விட்டுட்டுப் போனவங்க கணக்கையெல்லாம் மாசக் கடைசியில மூடுறோம். உங்ககிட்ட ஒண்ணு நிலுவையில நிக்குது.”

“நிக்கட்டும் சார்.”

“நிக்காது மேடம். ஒப்புதல் இருந்தாத்தான் ஆவணத்துல ஏறும். இல்லாதது அழிஞ்சிரும். மென்பொருளே அழிச்சிரும், நான் சொன்னாலும் கேக்காது.” கொஞ்சம் தயங்கினார். “அந்தம்மாவோட முதல் தனிப் பறத்தல் அதானே?”

அதேதான். துணைக்கு ஆசிரியர் இல்லாமல், தனியாக மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது. விமானம் ஓட்டக் கற்க வருகிற யாருக்கும் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வெறும் சவாரிதான். ஒப்புதல் கொடுத்தால் போன் ஊமையாகிவிடும். கொடுக்காவிட்டால் வங்கிக்காரி ஒரு நாளும் தனியாகப் பறக்கவே இல்லை என்று ஆகிவிடும். மேடம் இரண்டு நாள் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் அங்க வரேன் மேடம்” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்ததில்லை. மனைவி மேலே போவதை நின்று பார்க்கிற தெம்பு தனக்குக் கிடையாது என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கொட்டகைக்கு முன்னால் நின்ற சின்ன விமானத்தைச் சுற்றி வந்தார்.

“இவ்வளவுதானா? ஆட்டோ மாதிரி இருக்கு.”

“உள்ள உக்காந்து பார்க்கிறீங்களா?”

“வேணாம் மேடம்” என்றார். ஆனால் இறக்கையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

அறைக்கு வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்து, தேதியைச் சரியாக்கினார். விமான எண், நேரம், தரையிறக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவளிடம் படித்துக் காட்டினார். இப்போது எதிலும் தப்பில்லை. அனுப்பு என்பதை அழுத்தினார். மேடத்தின் திரையில் அது வந்து நின்றது.

“திட்டிட்டே கொடுங்க மேடம்” என்றார். “அவ நல்லா பறந்தாள்னு, அப்படி இப்படின்னு எதுவும் எழுதிராதீங்க. அதெல்லாம் செத்தவங்களுக்குச் சொல்றது.”

மேடம் விசைப்பலகையின் மேல் கையை வைத்தாள். அவள் எழுத நினைத்தது அதைத்தான். நல்ல தரையிறக்கம் என்று ஒரு வரி. கொட்டகை ஓரமாக நின்று அவள் கண்ணால் பார்த்தது அது. சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியாத இறக்கம், அவளுடைய மாணவர்களில் ஒருவரும் முதல் தடவையில் அப்படி இறக்கியதில்லை. வங்கிக்காரி ஓடி வந்து எதிரே நின்றபோது, “ம், பதிவேட்டை எழுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மாணவனைக் கூப்பிட்டாள். பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தாளே, அந்தச் சட்டத்தில் மண்ணைப் போட வேண்டும் என்று இப்போது இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இப்போது சொல்லவும் வழியில்லை. பொய்யாகத் திட்டுவதென்றால், இன்றுவரை ஒரு பதிவிலும் அவள் பொய் எழுதியதில்லை. திரை மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கிளம்பியது சரி. சுற்றியது சரி. இறங்கியது சரி. இறங்கிய பிறகு வங்கிக்காரி ஓடுபாதையை விட்டுத் திரும்பி, கொட்டகையை நோக்கி வந்தாள். அப்போது வேகமாக வந்தாள். விதிப்படி ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டி வர வேண்டியதை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி விரட்டிக்கொண்டு வந்தாள். அது தப்புதான். அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

மேடம் நிதானமாகத் தட்டினாள். “இறங்கிய பிறகு இவ்வளவு வேகமாக ஓட்டி வரக் கூடாது. அப்படி என்ன அவசரம்? அடுத்த தடவை மெதுவாக வா.” ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

அவர் கையில் இருந்த போன் டிங்கென்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பூட்டிய பதிவுக்குப் பதில் எழுத இடம் கிடையாது. விரல் அதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு நின்றது.

“சரிங்க மேடம்” என்றார். “மெதுவா வரச் சொல்றேன்.”